செத்தவர் பல் தேய்த்த காலை

“பற்பசையை நான் எப்பவும் அடியிலேர்ந்துதான் பிதுக்குவேன். பிதுக்கப் பிதுக்கச் சுருட்டிக்கிட்டே வருவேன். அவர் நடுவுல அமுக்குவார். கல்யாணம் ஆனதிலேர்ந்து எங்களுக்குள்ள அது ஒரு தீராத சண்டை.” அந்தப் பெண் நிறுத்தினாள். கைக்குட்டையை நான்காக மடித்து, மறுபடி பிரித்தாள். “இன்னிக்குக் காலையில நடுவுல அமுக்கியிருந்துச்சு.”

கீழே சைக்கிள் கடையில் யாரோ டியூபுக்குக் காற்றடிக்கும் சத்தம் மட்டும் மூச்சு வாங்குவது போல் மேலே ஏறி வந்தது.

“பிரஷ்?” என்று கேட்டாள் சித்தி.

“அவரோட பிரஷை நான் தூக்கிப் போடலை. ஏன்னு தெரியலை, அப்படியே குவளையில நிக்குது. தொட்டுப் பார்த்தேன்.” அவள் குரல் இறங்கியது. “ஈரமா இருந்துச்சு மேடம்.”

ரேடியோவுக்கு முதுகில் ஏதோ ஊர்ந்தது. அவன் சித்தியின் அக்கா மகன். வயது முப்பதைத் தொட்டும் வாய் ஓயாததால் தெருவே அவனுக்கு வைத்த பெயர் ரேடியோ. பயம் வந்தால் அவனுக்கு ஒலி இன்னும் கூடும். அந்த ரகசியம் அவனுக்கும் சித்திக்கும் மட்டும்தான் தெரியும்.

“செத்த பிறகும் பல் தேய்க்கிறார்னா ரொம்பச் சுத்தமான மனுஷன்தான்,” என்றான். “நான் உயிரோட இருந்தே சில நாள் டிமிக்கி கொடுத்துடுவேன்.”

அந்தப் பெண் சிரிக்கவில்லை. சித்தி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது திட்டுவதை விட மோசம்.

சித்தி காவல் துறையிலிருந்து முன்கூட்டியே விலகியவள். இந்த மாடியில் இரண்டு அறை எடுத்து, காணாமல் போனவர்களைத் தேடிக் கொடுப்பதைத் தொழிலாக வைத்திருந்தாள். அவளுடைய ஆயுதம் துப்பாக்கியும் இல்லை, பூதக்கண்ணாடியும் இல்லை. சும்மா இருப்பது. எதிரில் இருப்பவர் தாங்க முடியாமல் பேசத் தொடங்கும் வரை அவளால் சும்மா இருக்க முடியும்.

இப்போதும் இருந்தாள். அந்தப் பெண் தாங்கவில்லை.

சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள் அவள். கணவன் சோபா தைக்கிற தையல்காரன். சொந்தப் பட்டறை. போன மாதம் பட்டறை எரிந்தது. பஞ்சும் பசையும் ரெக்ஸினும் சேர்ந்து எரிந்த நெருப்பில் உள்ளே கிடந்த உடம்பு ஆள் அடையாளம் இல்லாமல் கருகிப் போயிற்று. கணவனின் வண்டிப் பெட்டியில் ஒரு பல் மருத்துவமனையின் சீட்டு கிடந்ததாம். போலீஸ் அங்கே போய் அவனுடைய பல் எக்ஸ்ரேயை வாங்கி, கருகிய தாடையோடு ஒத்துப் பார்த்தார்கள். பொருந்தியது. உடம்பை அவளிடம் ஒப்படைத்தார்கள். அவள் அடக்கம் செய்தாள்.

“ஒரு சொட்டுக் கண்ணீர் வரலை மேடம். எல்லாரும் என் முகத்தையே பார்த்துட்டிருந்தாங்க. எனக்கு மனசுல ஒண்ணுதான் ஓடுச்சு. அப்பாடா.” அவள் கைக்குட்டையைக் கசக்கினாள். “அதுக்குத்தான் இப்போ அனுபவிக்கிறேனோ என்னமோ.”

“பிரிஞ்சு போறதா இருந்தியா?” என்றாள் சித்தி.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “யார் சொன்னாங்க?”

சித்தி பதில் சொல்லவில்லை.

“எங்கக்கா வீட்டுக்குப் போறேன்னு சொன்னேன். அதுக்கு அவர், போனா கொன்னுடுவேன்னார். போலீஸ்ல சொல்லி வச்சிருக்கேன், எனக்கு ஏதாவது ஆனா முதல்ல உங்களைத்தான் பிடிப்பாங்கன்னேன். அன்னிக்கு அவர் கோபப்படலை. ரொம்ப நேரம் யோசிச்சார். அப்புறம் சிரிச்சார். ‘செத்தாலும் உன்னை விட மாட்டேன்’னு சொன்னார். அடுத்த வாரம் பட்டறை எரிஞ்சுது.”

ரேடியோ எழுந்து போய், யாரும் கேட்காமலே வாசல் கதவின் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்தான்.

சித்தி தொலைபேசியை எடுத்தாள். இன்ஸ்பெக்டர் ஒரு காலத்தில் அவளுக்குக் கீழே வேலை பார்த்தவர். ஒலிபெருக்கியில் அவர் குரல் கொட்டாவியோடு வந்தது. “அக்கா, அந்தக் கேஸ் முடிஞ்சு போச்சு. முன்பல்லெல்லாம் தீயில உதிர்ந்துடுச்சு. ஆனா பின்னாடி அப்படியே இருந்துச்சு. கீழ்க் கடைவாயில அடைச்ச பல் ஒண்ணு. அடைப்போட வடிவம், வேரோட வளைவு எல்லாம் டாக்டர் கொடுத்த படத்தோட பூட்டும் சாவியும் மாதிரிப் பொருந்துச்சு. அந்தம்மா பாவம், பயந்துபோயிருக்கு. தூக்க மாத்திரை கொடுக்கச் சொல்லுங்க.”

“படத்தை அனுப்பு.”

“அக்கா...”

சித்தி மௌனமாக இருந்தாள். தொலைபேசியில்கூட அது வேலை செய்தது. சற்று நேரத்தில் படம் வந்து விழுந்தது. ஒரு முழு வாயின் எக்ஸ்ரே. கறுப்புப் பின்னணியில் இரண்டு வரிசைப் பற்களும் விரிந்து சிரித்தன. சதையில்லாத சிரிப்பு. ரேடியோ பார்வையை ஜன்னலுக்கு மாற்றிக்கொண்டான்.

“உன் வீட்டுக்காரர் பல் டாக்டர்கிட்டப் போனது உனக்குத் தெரியுமா?”

“போலீஸ் சொல்லித்தான் தெரியும். அவருக்கு ஊசின்னாலே ஆகாது.”

“பல் டாக்டருக்குப் பயப்படுற ஒரே காரணத்துக்காக அவரை எனக்குப் பிடிச்சிருக்கு,” என்றான் ரேடியோ. அவனுக்கே ஒரு மாதமாகக் கடைவாயில் வலி. கிராம்பை அடக்கிக்கொண்டு நாளைக் கடத்திக்கொண்டிருந்தான்.

“அவர் பல்லு எப்படி இருக்கும்?”

“அவர் பல்லு...” அவள் இதுவரை யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டது போல் விழித்தாள். “எல்லா வேலையும் அதாலதான் மேடம். கத்தரிக்கோல் மடியிலேயே கிடக்கும். ஆனா நூலா இருந்தாலும் பொட்டலமா இருந்தாலும் பல்லால கடிச்சு இழுத்துதான் பிரிப்பார். ஆணியை உதட்டுல கவ்விக்கிட்டேதான் அடிப்பார். போலீஸ்ல மோதிரத்தைக் காட்டினாங்க, சாவியைக் காட்டினாங்க. பல்லைப் பத்தி என்கிட்ட யாரும் கேக்கலை. அதான் டாக்டரே சொல்லிட்டாரேன்னு விட்டுட்டாங்க.”

“சிரிச்ச மாதிரி போட்டோ ஏதாவது?”

“வாயைத் திறந்து போட்டோ எடுத்துக்க மாட்டார்.”

சித்தி அந்தப் பெண்ணின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் கொளுத்தும் மத்தியானத்தில், மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட முழுக்கை மேல்சட்டை. சலவைக் கடையின் சூட்டிலிருந்து நேரே வந்தவள். பார்வை போன இடத்தை உணர்ந்து அவள் கையை மெதுவாக மடியில் இறக்கினாள். சித்தி பார்வையை எடுக்கவில்லை. ரேடியோவுக்கு ஏதாவது உளற வேண்டும் போல் நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டான்.

ரொம்ப நேரம் கழித்து அவள் பொத்தானைக் கழற்றினாள். சட்டைக் கையை மேலே சுருட்டினாள்.

முழங்கைக்குக் கீழே, உட்பக்கம், வெளிறிப்போன இரண்டு வளைவுகள் எதிரெதிரே இருந்தன. முதலில் ரேடியோவுக்கு அது ஏதோ இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு என்றுதான் பட்டது. பிறகு தனித்தனிப் பற்கள் தெரிந்தன.

“அக்கா வீட்டுக்குப் போறேன்னு முதல் தடவை சொன்னப்போ,” என்றாள் அவள்.

சித்தி நாற்காலியை விட்டு எழுந்து அவளருகே மண்டியிட்டாள். தொடவில்லை. “கையை எடுக்காத. ஒரு நிமிஷம்.” தொலைபேசியில் இருந்த எக்ஸ்ரேயைத் தழும்புக்குப் பக்கத்தில் பிடித்தாள். “டேய், இங்க வா. என்ன தெரியுது?”

ரேடியோ குனிந்தான். எக்ஸ்ரேயில் மேல்வரிசை முன்பற்கள் அணிவகுப்பில் நிற்கிற மாதிரி நேராக நின்றன. தழும்பின் மேல் வளைவில், நடுவுக்குப் பக்கத்தில் ஒரு பல் மட்டும் வரிசைக்குக் குறுக்கே திரும்பி நின்றிருந்தது. கூட்டத்தில் ஒருவன் மட்டும் பின்னால் திரும்பிப் பார்ப்பது போல.

“இது... வேற வாய்,” என்றான்.

“ஆமாம்மா, முன்னாடி ஒரு பல்லு முறுக்கிக்கிட்டு நிக்கும் அவருக்கு,” என்றாள் அவள் அவசரமாக. “அதனாலதான் சிரிக்க மாட்டார்.”

“கோர்ட்டு இந்தத் தழும்பை அப்படியே ஏத்துக்காது. தோல் இழுபடும், சுருங்கும்,” என்றாள் சித்தி. “ஆனா எனக்குப் போதும். கடைவாய் பொருந்தினதும் உண்மை, இதுவும் உண்மை. அந்த டாக்டர் கொடுத்த எக்ஸ்ரே செத்தவரோடதுதான். படத்துல பொய் இல்ல. மேல எழுதியிருந்த பேர்லதான் பொய்.”

அந்தப் பெண் கையை இறக்கினாள். “அப்போ அவர்...”

“பற்பசையை அமுக்கினது அவர்தான்.”

“யாரும் சந்தேகப்படவே முடியாத ஆள்,” என்றான் ரேடியோ. இந்தத் தடவை அவன் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. “அவரே செத்துட்டாரே.”

அவளைத் தனியே விட்டுப் போக முடியாது. கீழே சைக்கிள் கடைக்காரரிடம் விட்டுப் போகலாம் என்றான் ரேடியோ. அவள் சித்தியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். “உங்க கூடவே வர்றேன் மேடம். அந்த டாக்டருக்கு என் முகம் தெரியாது. ஒரு மூலையில உக்காந்துக்கிறேன்.” தன் பக்கத்தில் இருப்பதுதான் அவளுக்குப் பாதுகாப்பு என்று சித்தியும் கணக்குப் போட்டாள். அன்று சித்தி செய்த ஒரே தவறு அது.

“டாக்டரை எப்படிச் சித்தி பேச வைக்கப் போறோம்?”

“நீ வாயைத் திறந்து உக்காரு. மத்ததை நான் பார்த்துக்கிறேன்.”

“யாரு, நானா?”

“ஒரு மாசமா எந்தப் பக்கம் மெல்றன்னு நான் பார்க்கலைன்னு நினைச்சியா?”

செருப்புக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது அந்தப் பல் மருத்துவமனை. படியேறும்போதே கிராம்பு எண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்த வாசனை வந்ததும் ரேடியோ கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். முன்மேசையில் ஒரு பெண் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காத்திருக்கும் இடத்தில் வேறு யாரும் இல்லை. சுவரில் ஒரு பெரிய புகைப்படம். மருத்துவமனையைத் திறந்த நாளில் எடுத்தது போலிருந்தது. டாக்டர், முன்மேசைப் பெண், நடுவயதுக்காரர் ஒருவர். அந்த நடுவயதுக்காரர் மட்டும் உலகத்தையே வாங்கிவிட்டது போல் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“பல் ஆஸ்பத்திரிக்கு இவரை விட விளம்பரம் வேணுமா,” என்றான் ரேடியோ. எதையாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னதுதான். சித்தி அந்தப் படத்தின் முன் நின்றவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டர் ஒல்லியான மனிதர். கண்ணுக்குக் கீழே கருவளையம். அவருக்குப் பின்னால் உதவியாளன் ஒருவன், நெற்றி வரை இறங்கிய தொப்பியும் மூக்குக்கு மேல் ஏறிய முகமூடியுமாகக் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். வாசல் வரை கூட வந்த சித்தி நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்தாள்.

“புது ரெக்ஸின். நல்லா இழுத்துத் தைச்சிருக்காங்க. யார் வேலை டாக்டர்?”

அடுக்குகிற சத்தம் நின்றது.

“வெளிய... வெளிய ஒரு ஆள்,” என்றார் டாக்டர். “நீங்க வெளிய உக்காருங்கம்மா.”

சித்தி தலையாட்டிவிட்டுப் போனாள். கதவைப் பாதி திறந்தே வைத்துவிட்டுப் போனாள். அது தற்செயல் இல்லை என்று ரேடியோவுக்குத் தெரியும். நாற்காலி சாய்ந்தது. கால் மேலே போக, தலை கீழே போக, வட்ட விளக்கு முகத்துக்கு மேல் வந்து நின்றது.

“டாக்டர், பயப்பட வேண்டியவன் நான். உங்க கை ஏன் ஆடுது?”

“வாயைத் திறங்க.”

“திறந்துதான் இருக்கு. எங்க வீட்டுல கேட்டுப் பாருங்க, பொறந்ததிலேர்ந்து மூடினதே இல்ல.”

ஊசி இறங்கியது. ரேடியோ கண்ணை இறுக மூடிக்கொண்டான். குளிர்ச்சி ஒன்று தாடையில் பரவி, உதட்டுக்கு ஏறி, நாக்கின் பாதியைத் தின்றது. பஞ்சுச் சுருள்கள் கன்னத்துக்குள் நுழைந்தன. எச்சிலை உறிஞ்சும் குழாய் உதட்டோரத்தில் கொக்கி போட்டுத் தொங்கியது. முதல் தடவையாக அவன் வாய் அவனுடையதாக இல்லை.

“இன்னொரு பஞ்சுப் பொட்டலம்,” என்றார் டாக்டர்.

தலைக்குப் பின்னால் உதவியாளன் அசைந்தான். ரேடியோ கண்ணைத் திறந்தான். மேலே விளக்கின் வளைந்த கண்ணாடியில் அறை முழுவதும் கவிழ்ந்து சிறுத்துத் தெரிந்தது. டாக்டரின் வழுக்கை. தட்டு. அதற்கும் பின்னால் உதவியாளன். அவன் இரண்டு விரலால் முகமூடியைக் கீழே இழுத்தான். பிளாஸ்டிக் பொட்டலத்தை வாய்க்குக் கொண்டு போனான்.

பக்கத்திலேயே கத்தரிக்கோல் இருந்தது.

‘ர்ரக்’ என்று பொட்டலம் கிழிந்தது. கண்ணாடிக்குள், தலைகீழாக, ஒரு பல் வரிசைக்குக் குறுக்கே திரும்பி நின்றது.

நாள் முழுக்க முகத்தை மூடிக்கொண்டு திரிந்தாலும் ஏன் என்று ஒருவர்கூடக் கேட்காத இடம். செத்தவன் ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் உண்டா? இதைச் சித்தியிடம் சொல்ல வேண்டும். அவள் எவ்வளவு ரசிப்பாள். ஆனால் வாய் முழுக்கப் பஞ்சு.

வெளியே ஒரு நாற்காலி நகர்ந்தது. பாதி திறந்த கதவின் வழியே அவன் கண்கள் ஓடின. மூலையில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் எதையும் பார்க்கவில்லை. அந்தக் கிழிபடுகிற சத்தத்தைத்தான் கேட்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்து நாற்காலி காலி. சித்தி இல்லை.

உதவியாளன் முகமூடியை ஏற்றிவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினான். பார்த்தான். அசையாமல் நின்றான். அவன் கை தட்டின் மேல் மெதுவாக ஊர்ந்து, ஒரு சின்னக் கத்தியை எடுத்து, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டது.

“அடுத்த ஆளைக் கூப்பிடுறேன்,” என்றான். நிதானமான குரல். வெளியே போனான்.

டாக்டர் சட்டென்று குனிந்தார். அவர் மூச்சு ரேடியோவின் காதில் சுட்டது. “நீங்க போலீஸா? ஆமான்னா கண்ணைச் சிமிட்டுங்க. தயவுசெஞ்சு ஆமான்னு சொல்லுங்க.”

ரேடியோ இரண்டு கண்ணையும் மூடித் திறந்தான். மறுபடியும் மறுபடியும்.

“என் பழைய உதவியாளர் இந்த நாற்காலியிலதான் செத்தார். இன்னொரு பல்லை அடைச்சுவிட நான்தான் ஊசி போட்டேன். அவருக்கு அந்த மருந்து ஆகுமான்னு கேக்காம விட்டுட்டேன். அன்னிக்கு இந்த ஆள் அந்த ஓரத்துல உக்காந்து ரெக்ஸின் தைச்சுட்டிருந்தான். எல்லாத்தையும் பார்த்தான். ‘உங்களுக்கு ஒரு பிணம் காணாமப் போகணும், எனக்கு ஒரு பிணம் வேணும்’னான்.” அவர் அழுதுகொண்டிருந்தார். “அதிலேர்ந்து என் பின்னாடியே நிக்கிறான். நான் தூங்கியே...”

ரேடியோ மேலும் கேட்கவில்லை. அவரைத் தள்ளிவிட்டு எழ முயன்றான். சாய்ந்த நாற்காலி அவனை ஆமையைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி பிடித்து வைத்திருந்தது. “ழித்தீ!” என்று கத்தினான். “ழித்தீ! அழன்! அழன்தான்!” பஞ்சு பறந்தது. எச்சில் தெறித்தது. வாழ்நாள் முழுக்க வீணாக்கிய பேச்சில் இரண்டே சொல் இப்போது சரியாக வந்தால் போதும். வரவில்லை. காலால் தட்டை எட்டி உதைத்தான். கருவிகள் தரையெங்கும் சிதறிச் சிலம்பின.

அவன் வாசலுக்கு வந்து விழுந்தபோது உதவியாளன் அந்தப் பெண்ணின் வலது கையைப் பிடித்திருந்தான். அதே கை, அதே இடம். இன்னொரு கையில் கத்தி. முன்மேசைப் பெண் மேசைக்கு அடியில் போயிருந்தாள். படிக்கட்டு வாசலில் சித்தி நின்றாள், தொலைபேசி இன்னும் காதோரத்தில் இருந்தது. இன்ஸ்பெக்டரிடம் பேசப் படியில் இறங்கியவள், சத்தம் கேட்டுத் திரும்பி வந்திருந்தாள்.

“வழி விடுங்க,” என்றான் அவன்.

சித்தி விடவில்லை. பேசவும் இல்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மௌனம் அறையில் தண்ணீர் போல் ஏறியது. அது தையல்காரனை ஏதோ செய்திருக்க வேண்டும், ஏனென்றால் அவன் சிரித்தான். முகமூடி நழுவியது.

“என்னைப் பிடிச்சு என்ன பண்ணுவீங்க? செத்தவன் மேல கேஸ் போடுவீங்களா? இவளே அடக்கம் பண்ணிட்டா. கேட்டுப் பாருங்க.” மனைவியின் பக்கம் குனிந்தான். “சொல்லு. செத்தாலும் விட மாட்டேன்னு சொன்னேனா இல்லையா?”

அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் கண்கள் அவன் முகத்தில் இல்லை. தன் கையைப் பிடித்திருந்த அவன் கையில் இருந்தன. பிறகு அவள் குனிந்தாள். முத்தமிடப் போகிறவள் போல் மெதுவாகக் குனிந்து, அவன் மணிக்கட்டில் பல்லை இறக்கினாள்.

அவன் அலறினான். உதறினான். அவள் விடவில்லை. கத்தி கீழே விழுந்தது. சித்தி அதைச் செருப்பால் ஓரம் தள்ளினாள். ரேடியோ, கழுத்தில் தொங்கும் பிளாஸ்டிக் துண்டும் வழியும் எச்சிலுமாக, ஓடி வந்த வேகத்தில் அவன் முதுகின் மேல் சரிந்தான். இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள். மேலே விழுந்தது ரேடியோவின் அதிர்ஷ்டம். எழவேயில்லை. இன்ஸ்பெக்டர் ஆட்களோடு படியேறி வரும் வரை, தன் எடையைப் பற்றி இத்தனை நாள் சித்தி சொன்ன கிண்டலுக்கெல்லாம் மனதுக்குள் நன்றி சொல்லியபடி அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

விலங்கு மாட்டியதும் தையல்காரன் வாயை இறுக மூடிக்கொண்டான். பேர் கேட்டார்கள், திறக்கவில்லை. பல்லைக் காட்டச் சொன்னார்கள், உதட்டைக் கடித்துக்கொண்டான். பல்லாலேயே பிழைத்தவன் இப்போது அதை ஒளித்து வைக்கப் பார்த்தான்.

“நிதானமாத் திறக்கட்டும்,” என்றாள் சித்தி. “அவன் பல்வரிசை எங்ககிட்ட இருக்கு. இப்போ இந்தம்மாவோடது அவன்கிட்டயும் இருக்கு.”

இன்ஸ்பெக்டர் சுவரில் இருந்த புகைப்படத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். “அக்கா, நீங்க போன்ல சொன்னது இவரைத்தானா?”

“எக்ஸ்ரேயில பார்த்த சிரிப்பு. இங்க சதையோட இருக்கு. இவர் எங்கேன்னு முன்மேசையில கேட்டேன். இங்க உதவியாளரா இருந்தவராம், ஊருக்குப் போனவர் திரும்பலை, போனும் எடுக்கலைன்னு சொல்லுச்சு அந்தப் பொண்ணு.”

டாக்டர் நாற்காலியின் ஓரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. இனிமேல்தான் கேட்பார்கள்.

ரேடியோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். “ழா” என்று வந்தது. விட்டுவிட்டான். அந்தப் பெண் புகைப்படத்தின் முன் போய் நின்றிருந்தாள். பெட்டியில் வைத்து மூடியபோது அவளுக்கு முகம் காட்டாத மனிதர், இப்போது அவளைப் பார்த்து வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் தோள்கள் குலுங்கின. போன மாதம் வராத அழுகை, உரிய ஆளைக் கண்டதும் வந்தது.

முன்மேசையில் தொலைபேசி அடித்தது.

மேசைக்கு அடியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்த பெண் எண்ணைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினாள். “அவரோட அண்ணன்,” என்றாள், படத்தைக் காட்டி. “அடிக்கடி பண்ணுவார். தம்பி வந்துட்டானான்னு கேப்பார். இன்னும் வரலைன்னு சொல்லி வச்சுடுவேன்.”

மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சித்தி ஓர் அடி எடுத்து வைத்தாள். சாவுச் செய்தி சொல்ல அவளுக்கும் பயம் என்பதை ரேடியோ முதல் தடவையாகப் பார்த்தான்.

“நான் பேசுறேன் மேடம்,” என்றாள் அந்தப் பெண்.

“உனக்கு வேணாம்மா.”

“அடக்கம் பண்ணினது நான்தானே. எங்க வச்சிருக்கேன்னு எனக்குத்தானே தெரியும்.”

முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் வலது கைச்சட்டை முழங்கை வரை சுருண்டிருந்தது. அதை இறக்கிவிட அவளுக்குத் தோன்றவில்லை. அந்தக் கையாலேயே ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள்.

“அண்ணா,” என்றாள்.